கல்லுப் பள்ளியின் வடக்கு ஜன்னல்

786

கல்லுப்பள்ளித் தெரு, கிள்ளை,
தென்னாற்காடு ஜில்லா.
13-2-1966

பிரியமுள்ள மச்சான் அவர்களுக்கு அஸ்மத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் இங்கே மாமியும் நானும் சுகம். பினாங்கில் உங்கள் உடம்புக்கும் ஒரு குறைவும் வராமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம்.

சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, மாமியின் வலது கண் அதில் சேராது. விளக்கைச் சுற்றிப் புகை தெரிகிறது என்கிறார்கள். சிதம்பரம் கண் டாக்டர், சித்திரை வெயில் போகட்டும், ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். ‘எம் மவன் வந்து பக்கத்துல நின்னாதான் கண்ணுல கை வைக்க விடுவேன்’ என்று மாமி பிடிவாதம் பிடித்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவர் மேஜைமேல் இருந்த மை பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் அனுப்பிய பார்சலை ஹிதாயத்துல்லா அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். மாமிக்குக் கைலி, எனக்குப் பூப்போட்ட துணி, ஒரு டின் பிஸ்கட்டு. மல் துணியில் சுற்றித் தைத்து, மேலே சிவப்பு நூலால் விலாசம் பின்னியிருந்தது. வேட்டியை மடித்து வையுங்கள் என்றால் சுருட்டி வைக்கிற ஆள் நீங்கள். பொடிப் பொடியாக, ஒன்றுபோல ஒன்று, அவ்வளவு நல்ல தையல். கிழிக்க மனம் வராமல் பிளேடால் ஒவ்வொன்றாக எடுத்தேன். தைத்த கைக்கு என் சலாமைச் சொல்லவும்.

அண்ணனை ஒரு வேளை சாப்பிடக் கூப்பிட்டோம். உங்கள் கடைக்கு அடுத்த கடைக்காரர், தினமும் உங்களைப் பார்க்கிறவர் ஆயிற்றே. மச்சான் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இறாலைப் பார்த்துக்கொண்டே ‘நல்லா இருக்காரு தங்கச்சி, நல்லா இருக்காரு’ என்று மூன்று தடவை சொன்னார். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து வருகிறேன் என்று எழுதியிருக்கிறாரே, நிச்சயம்தானா என்று கேட்டேன். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து வைத்தேன். அப்புறம் எங்கள் வீட்டு இறாலுக்கு ஈடு பினாங்கில் கிடையாது என்று வெகுநேரம் புகழ்ந்தார். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

எனவே உங்களையே கேட்கிறேன். நீங்கள் கப்பலேறி ஆறு வருஷம் ஒரு மாதம் ஆகிறது. இந்தத் தடவை நிச்சயம்தானா? ஒரு வரி எழுதினால் போதும்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். உங்களிடம் ஓர் அனுமதி கேட்க வேண்டும். ஹாலந்து தேசத்து அம்மாள் ஒருவர் சிதம்பரம் வந்து யூனிவர்சிட்டி விருந்தினர் விடுதியில் தங்கியிருக்கிறார். பெயர் வில்லமீனா. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கோயில், பழைய பள்ளிவாசல் என்று ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துப் படம் வரைந்துகொண்டு வருகிற டூரிஸ்ட். நம் தெருக் கல்லுப் பள்ளியைப் பற்றிச் சரித்திரப் புரொபசர் தட்சிணாமூர்த்தி அவரிடம் சொல்லியிருக்கிறார். அதைப் பார்க்காமல் ரயில் ஏறமாட்டேன் என்று அந்த அம்மாள் ஒரே பிடியாக நிற்கவே, புரொபசர் நம் பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கிற முத்தவல்லி அப்துல் ஹக் மாமாவிடம் வந்து கேட்டார்.

ஜமாஅத்தில் இரண்டு நாள் பேச்சு. கடைசியில் மாமா தீர்ப்புச் சொன்னார். பகல் லுஹருக்கும் சாயந்திர அஸருக்கும் நடுவில் வரலாம். துப்பட்டி போர்த்திக்கொள்ள வேண்டும். அவர் உள்ளே இருக்கிறவரை ஆண்பிள்ளை யாரும் உள்ளே இருக்கக்கூடாது, புரொபசர் உட்பட. அப்படியானால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்த அம்மாளுக்கு இங்கிலீஷில் யார் சொல்வது? கடலூர் கான்வென்டில் பத்தாவது வரை படித்தவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். பொம்பளை பள்ளிக்குள் போவதா என்று யாரோ எழுந்தாராம். ‘அவ தொழுவப் போவல, வந்தவுங்களக் கூட்டிக்கிட்டுப் போறா. வெள்ளைக்காரிக்கு விட்ட வழி நம்ம புள்ளைக்கு இல்லியா’ என்று மாமா அவரை உட்கார வைத்துவிட்டாராம்.

இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு எட்டு வருஷம் ஆகப்போகிறது. பள்ளி நம் வீட்டுக்கு எதிர்ச் சுவர். வாசல்படியைத் தாண்டி உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் சொன்னதுதான். தொழுமுன் ஒளுச் செய்கிற தண்ணீர்த் தொட்டியில் கறுப்பு மீன் இருக்கும். இமாம் ஏறி நின்று பேசுகிற மிம்பரின் மூன்றாவது படி ஆடும். வடக்கு வரிசையில் மூன்றாவது தூணடி உங்கள் இடம், அதை ஒட்டினாற்போல் கல் ஜன்னல். எல்லாம் மனப்பாடம். இதை வைத்துத்தான் ஒரு டூரிஸ்டுக்குச் சுற்றிக்காட்டப் போகிறேன்!

அவர் வருவது வருகிற புதன்கிழமை. இந்தக் கடிதம் உங்களிடம் வர ஒன்பது நாள், உங்கள் பதில் எனக்கு வர ஒன்பது நாள். ஆகையால் நீங்கள் சந்தோஷமாக அனுமதி கொடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். மறுத்து எழுதினாலும் பாதகமில்லை, பத்திரமாக எடுத்து வைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடவும். மழையில் நனையவேண்டாம். எந்தக் கப்பல் என்று மறக்காமல் எழுதவும். மாமி சலாம் சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் அஸ்மத்


786

கிள்ளை
20-2-1966

பிரியமுள்ள மச்சானுக்கு அஸ்மத்தின் சலாம். இரண்டு பேரும் சுகம். என் போன கடிதமே இன்னும் உங்கள் கைக்கு வந்திருக்காது. பொறுக்க முடியாமல் இதை எழுதுகிறேன். போய் வந்துவிட்டேன்.

புதன்கிழமை காலையிலேயே தலைக்குக் குளித்து, ஒளுச் செய்து, வெள்ளைத் துப்பட்டி இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். யூனிவர்சிட்டி ஜீப் தெருமுனை மணலில் புதைந்துபோய், அந்த அம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அறுபது வயதிருக்கும். நெடு நெடு என்று உயரம். மாமிக்கு வில்லமீனா என்று சொல்ல வரவில்லை, மீனா என்றே கூப்பிட்டார்கள். ‘இந்த வயசுல ஒண்டியா ஊர் சுத்துதே, புருசன் விட்டுட்டானா, கேளு’ என்றார்கள். நான் மீனா அம்மாளிடம், காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று மாமி கேட்பதாகச் சொன்னேன். போதும் போதும், ரொம்ப நல்லது என்றார். அதை மாமிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்தேன்.

லுஹர் முடிந்து ஆட்கள் வெளியே வந்ததும் பாங்கு சொல்கிற மோதினார் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். புரொபசர் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். வாசற்படிக்கு வந்தேன். வலது காலா, இடது காலா என்று ஒரு நொடி மறந்தேபோய்விட்டது. வலது காலைத்தான் வைத்தேன்.

மச்சான், எவ்வளவு குளிர்ச்சி! வெளியே கொளுத்துகிற வெயில். உள்ளே கிணற்றடி மாதிரி இருக்கிறது. நீங்கள் சொன்ன மீன் இருக்கிறது, ஏழு எண்ணினேன். மிம்பரின் படியை விரலால் அழுத்திப் பார்த்தேன், ஆடியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீங்கள் சொன்னதெல்லாம் சொன்ன இடத்தில் சொன்னபடியே இருந்தது. மீனா அம்மாளுக்கு முன்னால் முன்னால் நடந்து, இது இன்னது, அது இன்னது என்று சொல்லிக்கொண்டே போனேன். தூண்களில் பூமொட்டும் சங்கிலியும் செதுக்கியிருந்தார்கள். சிதம்பரம் கோயிலிலும் இதே கைவேலையைப் பார்த்தேன், அதே கல் தச்சர்கள் இங்கேயும் வந்து செய்திருப்பார்கள் என்றார் அவர். இருக்கும் என்றேன், என்னமோ நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள் போல.

நீ இங்கே எத்தனை தடவை வந்திருப்பாய் என்று கேட்டார். இதுதான் முதல் தடவை என்றேன். பென்சில் நின்றுவிட்டது. உன் வீடு எது என்றார். எதிர்வீடு என்றேன். அப்படியானால் நாம் இரண்டு பேரும் டூரிஸ்ட்தான் என்று கையை நீட்டினார். கொடுத்தேன். சிரித்தோம். 

அப்புறம் வடக்கு வரிசைக்குப் போனேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது தூணடியில் உட்கார்ந்தேன். சாய்ந்து சாய்ந்து அந்தக் கல் வழவழவென்று ஆகியிருக்கிறது. அதில் உங்கள் முதுகின் பங்கு எவ்வளவோ? இரண்டு ரக்அத் தொழவேண்டும் போல நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் தொழப் போகவில்லை என்று மாமா ஜமாஅத்தில் எனக்காகச் சொன்ன வார்த்தை இருக்கிறதே. உட்கார்ந்தே இருந்தேன். உட்கார்ந்தபடி ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

ஜன்னல் இல்லை.

வெறும் சுவர். சுண்ணாம்பு அடித்த சுவர். ஓர் ஆணியில் மூன்று தொப்பி தொங்கியது. தூணை எண்ணியதில் தப்போ என்று எழுந்து முதலிலிருந்து எண்ணினேன். தெற்குப் பக்கம் போய் எண்ணினேன். மேற்கே இருந்து எண்ணினேன். மீனா அம்மாளும் நோட்டுப் புத்தகத்தோடு என் பின்னாலேயே வந்தார். இவ்வளவு பொறுப்பான வழிகாட்டியை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று பிறகு புரொபசரிடம் சொன்னாராம்.

மீனா அம்மாளும் வெளியிலிருந்து அந்தக் கல் ஜன்னலைப் பார்த்திருந்தார். காலடியால் அளந்துகொண்டே வெளியே போனார், அளந்துகொண்டே உள்ளே வந்தார். தொப்பி தொங்கிய இடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், இது பொய் ஜன்னல் என்று. வெளிப்பக்கம் அழகுக்காக ஜன்னல் மாதிரி செதுக்கிய பலகைக்கல். ஓட்டை ஓட்டையாகத் தெரிவது விரற்கடை ஆழம்கூட இல்லை. பின்னால் முழுச் சுவர். கட்டிய நாளிலிருந்து இப்படித்தான். மிக அருமையான வேலைப்பாடு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்குள் சிரிக்கலாகாதே என்று துப்பட்டியை வாயில் திணித்துக்கொண்டேன். கொஞ்சநேரத்தில் பார்த்தால் அது சிரிப்பாக இல்லை. அந்த அம்மாள் தலையைத் தூக்காமல் வரைந்துகொண்டே இருந்தார். நல்லவர்.

கல்யாணமான புதிதில் நீங்கள் என்னிடம் சொன்னதை நான் நினைவுபடுத்த வேண்டுமா? ‘வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் நான் அந்தக் கல் ஜன்னல் வழியா நம்ம மாடி ஜன்னலப் பாப்பேன், நீ வந்து நில்லு. ஊர்ல எவனுக்கும் தெரியாது, நமக்கு மட்டும்தான்.’ நின்றேன். வீட்டுக்கு வந்து, இன்றைக்கு ஊதாப் புடவையில் நின்றாய், இன்றைக்குத் தலை வாரவில்லை, இன்றைக்கு முகம் வாட்டமாக இருந்தது என்று சொல்வீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். தொழப் போகுமுன் என்னை அதே புடவையில் பார்த்துவிட்டுத்தானே போனீர்கள் என்று இந்த மக்குக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் கல்லில் ஓட்டைகள் அவ்வளவு தெளிவாகத் தெரியும். ஊரில் உள்ள ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அது சுவர் என்று தெரியும். பெண்கள் உள்ளே போவதில்லை, அதனால் எங்களுக்கு மட்டும் அது ஜன்னல்.

நீங்கள் போன பிறகும் நான் ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. உடம்புக்கு முடியாத நாளிலும் போய் நின்றிருக்கிறேன். கதவை முழுக்கத் திறக்கமாட்டேன். உங்கள் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கூச்சம்! ஆறு வருஷமாக ஒரு கல்லைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அன்று சாயந்திரம் மாமிக்குக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டே, வடக்கு ஜன்னல் வெறும் சுவர்தான் மாமி என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மருந்து கன்னத்தில் வழிய எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ‘அது ஜன்னல் இல்லியா? நல்லாப் பாத்தியாடி?’ என்று இரண்டு தடவை கேட்டார்கள். உங்கள் வாப்பாவும் இதையேதான் சொல்லியிருக்கிறார். மாமி இருபத்திரண்டு வருஷம் நின்றிருக்கிறார்கள், உங்கள் வாப்பா மௌத்தாகும் வரை! இந்தத் தெருவில் மாப்பிள்ளையானவர்கள் எல்லாரும் வழிவழியாகச் சொல்லிவருகிற பொய்யா இது? மாமி முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ‘கள்ள மனுசன், கள்ள மனுசன்’ என்று தொடையில் அடித்துக்கொண்டார்கள். அப்புறம் கன்னத்தில் வழிந்த மருந்தை முந்தியால் துடைத்துக்கொண்டார்கள். சோறு வைத்தபோது சொன்னார்கள், ‘எனக்குக் கேக்க ஆள் இல்ல. ஒனக்கு ஆள் இருக்கு. கேளு புள்ள.’

கேட்கிறேன் மச்சான்.

அந்தப் பொய்க்காக எனக்குக் கோபம் கிடையாது. என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னது. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் இந்த ஆறு வருஷத்தில் நீங்கள் வருகிறேன் என்று எழுதிய கடிதங்களையெல்லாம் நேற்று எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். கடை லைசென்ஸ் மாறியதும் வருகிறேன். அங்கே நடக்கிற சண்டை ஓய்ந்ததும் வருகிறேன். கூட்டாளி ஊர் போய்த் திரும்பியதும் வருகிறேன். இப்போது, ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து. இதுவும் என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிற சங்கதிதானா? நான் உள்ளே வந்து பார்க்க முடியாத இடத்தில் இருந்துகொண்டு சொல்கிறீர்களே, அதனால் கேட்கிறேன்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை. ஜும்மா விட்ட சத்தம் கேட்டதும் கால் தானாக மாடிப்படி ஏறியது. பாதிப்படியில் நினைவு வந்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. தெரு காலியாகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எழுத மறந்துவிட்டேனே. மீனா அம்மாள் பினாங்கு வழியாகத்தான் வந்தாராம். நீங்கள் ஜும்மாவுக்குப் போகிறதாக எழுதுகிற கப்பித்தான் பள்ளியையும் பார்த்திருக்கிறார். அங்கே பார்க்க வருகிற பெண்களுக்கு வாசலில் துணி கொடுத்துப் போர்த்திக்கொள்ளச் சொல்லி உள்ளே விடுகிறார்களாம். நீயும் ஒரு நாள் போய்ப் பார், யார் தடுக்கப்போகிறார்கள் என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உங்கள் அஸ்மத்


786

கிள்ளை
10-4-1966

மச்சான் அவர்களுக்கு அஸ்மத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. மாமிக்கு உங்கள் கைலியை உடுத்திவிட்டேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், எம் மவன் அனுப்பினது என்று ஓரத்தைப் பிடித்துப் பிடித்துக் காட்டினார்கள்.

உங்கள் கடிதம் பெருநாளுக்கு முதல் நாள் கிடைத்தது. கடையைப் பற்றிப் பத்து வரி, மழையைப் பற்றி மூன்று வரி. பள்ளியைப் பார்த்தது நல்லது என்று ஒரு வரி. அந்த ஜன்னல் விஷயம் சின்ன வயது விளையாட்டு, மனதில் வைக்காதே என்று ஒரு வரி. கடைசியில், வருகிற வருஷம் நோன்புக்குள் கட்டாயம் வருகிறேன். நான் கேட்ட கேள்வியைத் தேடித் தேடிப் பார்த்தேன், கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தேன். அதற்குப் பதில் இல்லை. தைத்த கைக்குச் சலாம் சொன்னேனே, அதற்கும் இல்லை.

ஹிதாயத்துல்லா அண்ணன் தம் சம்சாரம் ரசியாவைக் கூட்டிக்கொண்டு ஜூன் மாதக் கப்பலில் திரும்புகிறார். நானும் அவர்களோடு வருகிறேன் என்று போய்ச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, ‘தங்கச்சி, வேணாமே’ என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பார், வாய் வரை வந்துவிட்டது. வேறொருவர் வாயால் எனக்குத் தெரியவேண்டாம் மச்சான். ரசியா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘வாங்க அக்கா, எனக்குத் துணையா வாங்க’ என்றாள். அண்ணன் சரி என்று தலையாட்டினார்.

மாமியிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. தனியாக விட்டுவிட்டுப் போகிறேன் என்று அழுவார்கள் என்று நினைத்தேன். ‘நான் செதம்பரத்துல மவ வீட்டுல இருந்துக்குறேன். கண்ணு ஆப்பரேசனும் பண்ணிக்கிறேன். அவன் வந்து நிக்க வேணாம்’ என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘நீ போயிப் பாத்துட்டு வந்து உள்ளத உள்ளபடி சொல்லு. சொல்றப்ப ஒம் மூஞ்சி எனக்குத் தெரியணும், அதுக்குத்தான்’ என்றார்கள். பெற்றவர்களுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை ரயிலேறிக் கடலூர் போனேன். பாஸ்போர்ட் ஃபாரம் வாங்கிக்கொண்டு, மஞ்சக்குப்பத்தில் என் பழைய கான்வென்ட் டீச்சர் ஆரோக்கியம்மாள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். டீச்சர்தான் எழுதிக் கொடுத்தார். பயணத்தின் நோக்கம் என்று ஓரிடம் வந்தது. கணவரிடம் போய்ச் சேர என்று எழுதப் பேனாவை வைத்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படி எழுதினால் நீங்கள் அழைப்புக் கடிதம் அனுப்பவேண்டும். என் மனைவியை வரவழைக்கிறேன் என்று அதில் கையெழுத்துப் போடவேண்டும். உங்களை அந்தச் சங்கடத்தில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. சுற்றிப் பார்க்க என்று எழுதுங்கள் டீச்சர் என்றேன். ‘நல்லா யோசிச்சியா அஸ்மத்?’ என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். எழுதினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஓல்டு டவுன் பக்கம் போய்க் கடலைப் பார்த்தேன். சின்ன வயதில் வாப்பா ஹார்பர் ஆபீஸில் வேலையாக இருந்தபோது தினமும் பார்த்த கடல்தான். அன்றைக்கு என்னவோ அது ஒரு தெரு மாதிரி தெரிந்தது, நடந்து எதிர்ப்பக்கம் போய்விடலாம் போல.

கப்பல் செலவுக்கு உங்களைக் கேட்கமாட்டேன். வாப்பா போட்ட காப்பு இருக்கிறது.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. ராத்திரியில் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே தூங்கிப்போகிறேன். ஆனால் கோபத்தைவிட ஆசை ஜாஸ்தி. உங்களோடு சேர்ந்து இருந்தது ஒரு வருஷம் ஏழு மாதம். உங்கள் குரல் எனக்கு மறந்துகொண்டே வருகிறது மச்சான். எவ்வளவு முயன்றாலும் பிடிபடவில்லை. காலையில் எழுந்ததும் தொடர்ந்து மூன்று தும்மல் போடுவீர்களே, அந்தச் சத்தம் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. அதுவும் போய்விடுமுன் உங்களை ஒரு தடவை பார்க்கவேண்டும். வேறு ஒன்றும் கேட்க வரவில்லை.

கப்பல் எந்தத் தேதியில் வந்து சேரும் என்று அண்ணன் உங்களுக்கு எழுதுவார். துறைமுகத்துக்கு நீங்கள் வரவேண்டாம். நான் ரசியா வீட்டில் தங்குகிறேன். வந்து இறங்கிய முதல் வெள்ளிக்கிழமை, ஜும்மா கலைந்து கூட்டம் போனபிறகு, கப்பித்தான் பள்ளி வாசலுக்குத் துணி போர்த்திக்கொண்டு வருவேன். அங்கே கொஞ்சநேரம் நில்லுங்கள். தனியாக வரமுடியாவிட்டால் தனியாக வரவேண்டாம். யார் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும், யாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாலும், வாருங்கள். நான் கிட்டே வரமாட்டேன், வாய் திறக்கமாட்டேன்.

அல்லாஹ் உங்களுக்கும், அங்கே உங்களை நம்பி இருப்பவர்களுக்கும் நோய்நொடி இல்லாத வாழ்வைத் தரட்டும். அந்தப் பெண்பிள்ளை யார், ஏன் நம்மையே பார்க்கிறாள் என்று பக்கத்தில் நிற்பவர் யாராவது கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள், யாரோ டூரிஸ்ட், இந்தியாவிலிருந்து பள்ளிவாசல் பார்க்க வந்திருக்கிறாள் என்று.

அஸ்மத்